ஈரற் புற்றுநோயும் வெப்பச் சிகிச்சையும்

நோயுற்ற பகுதியைத் தீயினாற் சுட்டு நீக்கும் முறை தொன்மையானது. சுசுருத சங்கிதை அக்கினிகருமத்திற்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. ஆயினும், உடலின் ஆழத்தே வளரும் கட்டியை அயலுறுப்புகளுக்கு ஊறின்றிச் சூடாக்குதல் அண்மைக் காலத்திலேயே கைகூடிற்று. ஈரலிலும் பித்தக்கானிலும் தோன்றும் புற்றுநோய்களுக்கு இன்று அளிக்கப்படும் வெப்பச் சிகிச்சை இருவகைப்படும்.

முதலாவது மென்சூடு. கட்டியை ஏறத்தாழ ஒருமணி நேரம் 40 முதல் 44 பாகை சதமஅளவு வெப்பநிலையில் வைத்திருத்தலே இம்முறை. இவ்வெப்பம் தனித்து நின்று புற்றை அழிப்பதன்று. பிற சிகிச்சைகளுக்குத் துணையாவதே இதன் பணி. கட்டியின் உட்பகுதியிற் குருதி குன்றுதலால் ஒட்சிசன் அருகி அமிலத்தன்மை மிகும். அத்தகைய கலங்களைக் கதிர்வீச்சு எளிதில் வெல்லாது. வெப்பமோ அவற்றையே பெரிதும் தாக்கும். கதிர்வீச்சினாற் சிதைந்த மரபுப்பொருளைக் கலங்கள் செப்பனிடுவதையும் அது தடுக்கும்.

இரண்டாவது வன்சூடு. கழியொலிப் படத்தின் துணையுடன் கட்டியினுள் ஊசிபோன்ற மின்வாய் செலுத்தப்படும். உயர் மீடிறனுடைய ஆடலோட்டம் பாயவே இழையத்திலுள்ள அயன்கள் அதிர்ந்து வெப்பம் பிறக்கும். 60 பாகைக்கு மேற் புரதங்கள் உறையக் கலங்கள் உடனே மடியும். கட்டி 3 சதமமீற்றருக்கு மேற்படாதாயின் பயன் மிகுதி. பெருங் குருதிக்கலன் அருகிருப்பின், ஓடும் குருதி வெப்பத்தைக் கவர்ந்து செல்லுதலால் அவ்விடத்துப் புற்றுக்கலங்கள் எஞ்சக்கூடும். பித்தக்கான் அருகிருப்பின் அதுவே வெந்து சுருங்கும் இடருண்டு.

பித்தக்கான் புற்றுநோயில், உள்நோக்குக் கருவிவழி மின்வாயைக் கானினுள்ளேயே செலுத்திச் சுட்டபின், பித்தம் வழியும்பொருட்டுக் குழாயொன்று பொருத்தப்படும். இதனால் ஆயுள் நீளுமா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவு தரவில்லை.

சிறந்த கருத்தும் சோதனையில் தோற்பதுண்டு. சூடுபட்டதும் மருந்தை வெளிவிடும் நுண்கொழுப்புக் குமிழ்களை வன்சூட்டுடன் சேர்த்து 701 ஈரற் புற்று நோயாளரிடம் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. நோய் முற்றாதிருந்த காலம் அம்மருந்தினால் நீளவில்லை என 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஆதலின் துணைச் சிகிச்சையின் எல்லையை அறிதல் இன்றியமையாதது. வெந்நீர் ஒத்தடமும் நீராவிக் குளியலும் இச்சிகிச்சையாகா. சத்திரசிகிச்சையாற் குணமாகக்கூடிய நோயாளி வெப்பத்தை மட்டும் நம்பிக் காலங் கடத்துவாராயின், இழந்த வாய்ப்பு மீளாது. தேர்ந்த வைத்தியர் கட்டியின் அளவும் இடமும் ஈரலின் வலுவும் ஆராய்ந்து, ஏனைய சிகிச்சைகளோடு இணைத்து அளிக்குமிடத்தே வெப்பம் மருந்தாகின்றது.