மார்க்... போட்டோவுக்கா, புள்ளைக்கா?

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் ஏறியிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? திருமங்கலம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் கரிசக்காடு விரியும். 'கல்லுப்பட்டியெல்லாம் எந்திரிச்சு வாங்க...' என்று கண்டக்டர் குரல் கொடுப்பாரே, அந்த டி.கல்லுப்பட்டியில்தான் இந்தக் கதை ஆரம்பம்.

போன செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை. கழுத்தில் ஓசி கேமராவோடு என் சித்தி பொண்ணு அங்கே இறங்கினாள். மதுரையில் ஒரு காலேஜில் விஸ்காம் செகண்ட் இயர். துணைக்கு ('பை தூக்க' என்று படிக்கவும்) இன்ஜினீயரிங் படிக்கிற நான். போட்டோகிராபி பிராக்டிகலுக்கு ஒரு போர்ட்ரெய்ட் எடுக்கணும். அதுதான் மிஷன்!

பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஓர் அப்பத்தாவைப் பார்த்ததும், "இவங்கதான்ணே!" என்று முடிவு பண்ணிட்டா. தூரத்தில் நின்னு க்ளிக்... க்ளிக்... முப்பது ஃப்ரேம். அப்பத்தா முறைச்ச முறைப்பு மாறவே இல்லை. முதுகுக்குப் பின்னால் சுள்ளுன்னு வெயில். படத்தில் முகம் கரிக்கட்டை!

கேமராவை மூடிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தா. பத்து ரூபாய்க்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கினா. பேரு கேட்டா, ஊரு கேட்டா. "உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு தாயி?" என்று அப்பத்தா திருப்பிக் கேட்டாங்க. பேச்சு ஓடிச்சு. அப்புறம் "ஒரு போட்டோ எடுத்துக்கவா அப்பத்தா?" என்றாள். முகத்துக்கு மீட்டர் வெச்சு, எக்ஸ்போஷரை ஏத்தி, வெயில் முதுகில் அடிக்காத பக்கமா நகர்ந்து... நாற்பத்தேழாவது ஃப்ரேமில் அந்தப் பொக்கைச் சிரிப்பு மாட்டிக்கிச்சு. லேசா ஷேக். ஆனா, உயிரோட ஒரு முகம்!

ரிசல்ட்? பத்துக்கு அஞ்சரை. 'ஷார்ப்னஸ் போதாது' என்று ரிமார்க்.

அதே பேட்ச்சில் இன்னொருத்தருக்கு மாமா ஸ்டுடியோ வெச்சிருக்கார். மாமா செட் பண்ணின லைட்டில், மாமா சொன்ன செட்டிங்கில், ஒரே க்ளிக். ஒன்பது மார்க். "படம் சூப்பர்தாண்ணே, நான் குறை சொல்லல. ஆனா, அந்த ஒன்பது அவனுக்கா, அவங்க மாமாவுக்கா?" என்றாள். அடுத்து சொன்னதுதான் என்னைத் தூங்கவிடலை. "எனக்குக் கண்ணு இல்ல போலண்ணே. கேமராவைத் திருப்பிக் குடுத்துடுறேன்."

ஒரு மார்க், ஒரு புள்ளை கையிலிருந்து கேமராவையே பிடுங்கிடும்னா, அந்த மார்க் எதை அளக்குதுன்னு கேட்கணுமில்லையா பாஸ்?

ஆல்பம் ஓகே... ஆளு?

விஸ்காம் பக்கமே போகாத மக்களுக்கு ஒரு ட்ரெய்லர். போட்டோகிராபி பிராக்டிகல் என்றால் பல காலேஜ்களில் ஒரு லிஸ்ட் இருக்கும். போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், சில்அவுட், ஓடுறதை உறைய வைக்கிற ஃப்ரீஸ், ஓடுறது கூடவே கேமராவைத் திருப்புற பேனிங், போட்டோ ஃபீச்சர்... இப்படி. ஒவ்வொண்ணுக்கும் நல்ல படமா பொறுக்கி, கீழே அப்பெர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ. எழுதி, ரெக்கார்டாகவோ ஆல்பமாகவோ பைண்ட் பண்ணி வைக்கணும். எக்ஸாம் அன்னிக்கு எக்ஸ்டர்னல் வருவார், புரட்டுவார், "அப்பெர்ச்சர்னா என்னம்மா?" என்று வைவா கேட்பார். முடிஞ்சது!

டெக்னிக் தெரிஞ்சிருக்கணும், அதில் சந்தேகமே இல்லை. ஷார்ப்பா வரவேண்டிய படம் ஷார்ப்பா வரலைன்னா அது குறைதான். ஆனா, கடைசிப் படத்தை மட்டும் பார்த்து மார்க் போட்டா மூணு ஓட்டை விழுது.

முதல் ஓட்டை, காசு. காஸ்ட்லி லென்ஸ் வெச்சிருக்கிறவர் படம் பளிச்னு இருக்கும். ஓசி கேமரா, கிட் லென்ஸ் பார்ட்டி பாவம். ரெண்டாவது, அதிர்ஷ்டம். நூறு க்ளிக்கில் ஒண்ணு தானா விழும். அது தெரிஞ்சு எடுத்ததா, தவறி விழுந்ததா என்று படம் சொல்லாது. மூணாவது, இரவல். அடுத்தவர் எடுத்ததை நம்ம ஆல்பத்தில் ஒட்டுறது பழைய டெக்னிக். ரெண்டு வரி டைப் பண்ணினா அப்பத்தா படத்தையே ஏ.ஐ. வரைஞ்சு தர்றது புது டெக்னிக்!

எடிட்டிங்கே தப்புன்னு நான் சொல்ல வரலை. 1858-ல் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படம் பிடித்த லின்னேயஸ் ட்ரைப், பேப்பர் நெகட்டிவ்வில் வெறிச்சோடிக் கிடக்கும் வானத்துக்குக் கையாலேயே மேகம் தீட்டுற பழக்கம் உள்ளவர். என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம் என்று சொல்லத் தெரியணும். அதுதான் விஷயம்.

சிரிக்காதீங்க, இன்ஜினீயரிங்கில் மட்டும் என்ன வாழுதாம்? ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப்பில் சீனியர் ராவி வெச்ச 'வி' ஃபிட்டிங் பீஸையே துருவைத் தேய்ச்சுட்டு சப்மிட் பண்ணின மகான்கள் எத்தனை பேர்! பீஸுக்கு மார்க் கிடைச்சது. அரம் பிடிக்கக் கத்துக்கிட்டானா? அதுக்கு யார் மார்க் போட்டா?

2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினர் ஆனதிலிருந்து, நம்ம சிலபஸில் எல்லாம் 'கோர்ஸ் அவுட்கம்' என்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்திருக்கு. 'இந்தப் பாடம் முடிஞ்சதும் மாணவனால் என்ன செய்ய முடியும்?' என்பதுதான் அதன் கேள்வி. கவனிங்க... மாணவனால்! அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் குழு 1956-ல் கற்றலைப் படிக்கட்டாக அடுக்கினப்போ, ஞாபகம் வெச்சுக்கிறது கீழ்ப்படி. அலசுறது, உருவாக்குறது, மதிப்பிடுறது எல்லாம் மேல்படி. 'அப்பெர்ச்சர்னா என்ன?' என்பது கீழ்ப்படிக் கேள்வி. 'மத்த நாற்பத்தாறை ஏன் வேணாம்னு ஒதுக்கினே?' என்பது மேல்படிக் கேள்வி!

போட்டுக்கொடுக்கும் கான்டாக்ட் ஷீட்

ஃபிலிம் ரோல் காலத்தில் இதுக்கு ஒரு அருமையான சமாச்சாரம் இருந்தது. கழுவின நெகட்டிவ்வைத் துண்டு துண்டா வெட்டி, போட்டோ பேப்பர் மேலேயே பரப்பி, வெளிச்சம் காட்டுவாங்க. முப்பத்தாறு படமும் தபால்தலை சைஸில், எடுத்த வரிசையிலேயே ஒரே தாளில் வந்துடும். அதுதான் கான்டாக்ட் ஷீட். எங்கே தடுமாறினார், எங்கே கிட்டே போனார், எங்கே பிடிச்சார் என்று எல்லாத்தையும் போட்டுக்கொடுத்துடும். உலகப் புகழ்பெற்ற மேக்னம் ஏஜென்சி போட்டோகிராபர்களின் கான்டாக்ட் ஷீட்களே 2011-ல் ஒரு குண்டு புத்தகமாக வந்திருக்கு. அதில் சொதப்பல் ஃப்ரேம்களும் உண்டு. ஜாம்பவான்களும் நம்ம ஜாதிதான்!

டொரோதியா லாங்கின் 'மைக்ரன்ட் மதர்' தெரியுமா? 1936, கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற இடம். பட்டாணி பறிக்க வந்து வேலை இல்லாமல் தவித்த கூலிக் குடும்பங்களின் முகாம். லாங் எடுத்த வரிசையில் தூரத்தில் கூடாரம் தெரியும் படமும் உண்டு, நெருங்கிப் போய் எடுத்த படங்களும் உண்டு. அதில் ஒண்ணுதான், கன்னத்தில் கை வெச்ச அந்தத் தாயின் முகம். அதை மட்டும் பார்த்தா 'ஜீனியஸ்' என்போம். வரிசையா பார்த்தா ஒருத்தர் படிப்படியா தேடினது தெரியும்.

ஆனா, அன்னிக்கு லாங் அந்தத் தாயின் பேரைக் குறிச்சுக்கலை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிஞ்சதே 1978-ல்தான். அந்தப் படத்தால் தனக்கு ஒரு பலனும் இல்லையே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. காம்போசிஷனுக்குப் பத்துக்குப் பத்து சரி... பேரு கேட்டதுக்கு எந்தக் கட்டத்தில் மார்க்?

ரொம்ப தூரம் போக வேணாம். நம்ம மதுரைக்காரர் எம்.பழனிக்குமார் இருக்கார். மீன் விற்ற அம்மாவின் பிள்ளை. அந்த அம்மாவையே படமெடுத்தவர். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதல்முறையாக வாங்கியவர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் போட்டோகிராபியும் சொல்லித் தர்றார். எதிரே நிக்கிறவங்களோடு பழகாமல் இப்படிப்பட்ட படங்கள் வராது. பழகுறதும் பாடம்தான் பாஸ்!

வெளியூரில் எப்படி?

இங்கிலாந்தில் நம்ம ப்ளஸ் டூ மாதிரி ஏ லெவல். அதில் போட்டோகிராபிக்கு நாலு அளவுகோல். யோசனையை வளர்க்கிறது, செஞ்சு பார்த்து மெருகேத்துறது, கவனிச்சதைப் பதிவு பண்றது, முடிவாகப் படைக்கிறது. நாலுக்கும் சரிசம மார்க். அதாவது, ஃபைனல் படைப்பு நாலில் ஒரு பங்குதான்!

அமெரிக்காவில் ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ளேயே காலேஜ் லெவல் பாடம் எழுதும் ஏ.பி. என்ற ஏற்பாடு. போட்டோ எடுக்கிறவங்களும் கொடுக்கிற அதன் ஆர்ட் போர்ட்ஃபோலியோவில், 60 சதவிகிதம் 'தொடர் தேடல்' என்ற பகுதிக்கு. 15 படங்களும் கூடவே எழுத்தும் வைக்கணும். செஞ்சு பார்த்தது, மாத்திப் பார்த்தது எல்லாம் அதில் தெரியணும். சிறந்த படைப்பு அஞ்சுக்கு மிச்ச 40 சதவிகிதம்.

கல்லுப்பட்டி ஆடிட்டர்

இதையெல்லாம் வெள்ளைக்காரன்தான் சொல்லணுமா? அப்பத்தா கடையிலிருந்து கிளம்பி, அதே ஊரில் 1940-ல் தொடங்கின காந்தி நிகேதன் ஆசிரமத்துப் பக்கம் போனோம். அங்கேதான் தன் கடைசி வருஷங்களைக் கழிச்சார் ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படிச்சு, பம்பாயில் ஆடிட்டராக இருந்துட்டு, காந்தி பக்கம் வந்தவர். குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியராக இருந்தப்போ மாணவர்களைக் கூட்டிக்கிட்டு மாத்தர் தாலுகா கிராமங்களுக்கே போய், விவசாயியின் வரவு செலவைக் கேட்டு எழுதினார். 1931-ல் அது புத்தகமாக வந்தது. ஒரு பொருளுக்குச் சந்தை போடும் விலையும் அதன் மதிப்பும் ஒண்ணு இல்லை என்று சொல்லிக்கிட்டே இருந்தவர். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். காந்தி இறந்த அதே தேதி!

விலை வேற, மதிப்பு வேற. மார்க் வேற, கத்துக்கிட்டது வேற. ஒரு ஆடிட்டரே சொல்லிட்டார், நாம கேட்டுக்க வேண்டாமா?

சரி, என்ன பண்ணலாம்?

"ஒரு கிளாஸில் நாற்பது பேர். ஆளுக்கு அம்பது ஃப்ரேம்னா ரெண்டாயிரம் படம். எப்போ தம்பி பாக்குறது?" என்று எனக்குத் தெரிஞ்ச ஒரு லெக்சரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா, கான்டாக்ட் ஷீட் ஒரே தாள் சார்! ஒரு பார்வையில் வழி தெரிஞ்சுடும். என் கணக்கு இதுதான். பத்து மார்க்கில் படத்துக்கு நாலு. அங்கே வந்து சேர்ந்த வழிக்கு மூணு. 'ஏன் இந்தப் படம்?' என்ற பதிலுக்கு ரெண்டு. எதிரே இருக்கிற மனுஷங்களை மனுஷங்களா நடத்தினதுக்கு ஒண்ணு.

காலேஜ் மாறுற வரைக்கும் காத்திருக்க வேணாம். நீங்களே ஆரம்பிக்கலாம்...

* சொதப்பின படத்தை டெலீட் பண்ணாதீங்க. அதுதான் உங்க பாடப் புத்தகம். எடுத்த நேரம், செட்டிங் எல்லாம் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஒரிஜினல் ஃபைலைப் பத்திரமா வைங்க.

* ஒவ்வொரு அசைன்மென்ட்டுக்கும் எடுத்த வரிசையில் ஒரு கான்டாக்ட் ஷீட் பிரின்ட். கூடவே அஞ்சு வரி: என்ன நினைச்சேன், எங்கே தப்பினேன், என்ன மாத்தினேன்.

* அதே இடத்துக்கு ஒரு வாரம் கழிச்சு மறுபடி போங்க. ரெண்டு ஷீட்டையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வித்தியாசம்தான் உங்க நிஜமான இன்டர்னல் மார்க்!

* யாரைப் படமெடுத்தாலும் பேரு கேளுங்க, அனுமதி கேளுங்க, ஒரு பிரின்ட் கொடுங்க.

* வைவாவில் அந்த ஷீட்டை நீங்களே எடுத்து நீட்டுங்க. எந்த எக்ஸ்டர்னலும் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பார்.

கடைசியா சொன்னதை நாங்களே முதல்ல செஞ்சு பார்த்தோம். எக்ஸாமினரிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே ராஜபாளையம் பஸ், அதே கல்லுப்பட்டி. அப்பத்தாவிடம் பிரின்ட்டைக் கொடுத்தப்போ, கூடவே இருந்த கான்டாக்ட் ஷீட்டும் கீழே விழுந்தது. அப்பத்தா அதை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு கட்டமா விரலால் தடவிக்கிட்டே வந்தாங்க. முறைப்பு... முறைப்பு... முறைப்பு... நாலாவது வரிசையில் விரல் நின்னுச்சு.

"இந்தா... இங்கனருந்துதான தாயி நீ எங்கூடப் பேச ஆரம்பிச்ச?"

கரெக்ட்டா முப்பத்தொண்ணாவது ஃப்ரேம்!

அஞ்சரை மார்க் அஞ்சரையாகத்தான் இருக்கு. கேமரா மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படலை!