புள்ளிகளும் பெரும்புள்ளிகளும்

ஓய்வுக்கு எடை உண்டா, தோழர்களே? ஆலைச் சங்கு ஊதிய பிறகு திண்ணையில் சாய்ந்து காற்று வாங்குகிற பாட்டாளியைக் கேட்டால் சிரிப்பான். உண்டு என்கிறார்கள் அமெரிக்காவில்! எடைக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள், புள்ளி என்று! விடுதியில் ஓர் இரவு தங்க இத்தனை புள்ளி, கூட்டம் மிகுந்த விடுமுறைக் காலமென்றால் கூடுதல் புள்ளி, ஆண்டுதோறும் உமக்கு இத்தனை புள்ளி என்று பத்திரம் எழுதிப் பதிவும் செய்து, படியில் அரிசி அளப்பதுபோல ஓய்வை அளந்து விற்கிறார்கள்.

அளந்து கொடுப்பவர்கள் பெரும்புள்ளிகள். வாங்கிக்கொள்பவர்கள் சம்பளக்காரர்கள். வாங்கியதை வைத்துக்கொள்ள மாட்டாமல் அந்தச் சம்பளக்காரர் திரும்ப விற்க வருகிறாரே, அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் புகுகிறோம்.

கடலுக்கு அப்பால் நடக்கும் சங்கதி நமக்கெதற்கு என்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள். அதுமட்டுமா? 1986-லேயே சென்னையில் ஸ்டெர்லிங் நிறுவனம் தோன்றியது. 1996-ல் மகிந்திரா நிறுவனமும் இதே துறையில் இறங்கியது. ஓய்வை முன்கூட்டியே விலைக்கு வாங்கும் பழக்கம் கொடைக்கானல் மலைக்கும் உதகை மலைக்கும் வந்து ஆண்டுகள் பலவாயின. ஆகவே அங்கே சந்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது இங்கே இருப்பவனுக்கும் நல்லது.

ஐரோப்பாவில் முளைத்த வாணிபம் இது. 1963-ல் ஸ்விட்சர்லாந்தில் ஹப்பிமாக் என்றொரு நிறுவனம் எழுந்தது. பலருடைய பணத்தைச் சேர்த்து விடுமுறை வீடுகள் வாங்குவது, பணம் போட்டவர்கள் முறை வைத்துத் தங்குவது, இவ்வளவுதான் ஏற்பாடு. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் நம் உழவனுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஃப்ளோரிடாவில் கட்டி முடித்த அடுக்குமாடி வீடுகள் விலைபோகாமல் வெறிச்சோடி நின்றன. முழு வீடு வாங்க ஆளில்லையா? ஆண்டின் 52 வாரங்களையும் கூறு போடு. வாரம் வாரமாக விற்றுத் தள்ளு! 1974-ல் ஒருவர் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொடுக்கும் ஆர்.சி.ஐ. நிறுவனமும் வந்து சேர்ந்தது. பிறகு, எலிப்படம் காட்டி உலகையே சிரிக்கவைத்த டிஸ்னி நிறுவனம் 1991-ல் களத்தில் குதித்தது. வாரக் கணக்கை விட்டுவிட்டுப் புள்ளிக் கணக்கைக் கையில் எடுத்தது.

விற்கிற வித்தையைக் கேளுங்கள். ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ என்றொரு நகரம். உலகெங்குமிருந்து குழந்தைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வந்து இறங்கும் ஊர். அங்கே பல நிறுவனங்கள் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கின்றன. "வாருங்கள், காலைச் சிற்றுண்டி இலவசம்! கேளிக்கைப் பூங்காவுக்குச் சலுகைச் சீட்டு! எங்கள் விளக்கத்தைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும்." உள்ளே போனால் தேனொழுகும் பேச்சு. குழந்தையின் சிரிப்பைக் காட்டுவார்கள், மனைவியின் ஆசையைக் கிளறுவார்கள், கடைசியில், "இந்த விலை இன்று மட்டும்!" என்பார்கள். இன்று மட்டும்! நாளை சூரியன் உதிக்காதா? நாளையும் அதே கட்டடம் அங்கே நிற்காதா? எண்ணிப் பார்க்க நேரம் கொடுத்தால் பேரம் முறிந்துவிடும் என்பதல்லவா அந்த 'இன்று மட்டும்' என்பதன் பொருள்! ஃப்ளோரிடாவின் சட்டமே இதை உணர்ந்திருக்கிறது. நிறுவனத்திடம் புதிதாக வாங்கியவர் 10 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை உதறிவிடலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறது. பதினோராம் நாள் விழித்துக்கொள்பவர் கதி என்ன?

அமெரிக்காவில் இப்படிப் புதிதாக வாங்குகிறவர் கொடுக்கும் தொகை சராசரியாக 20,000 டாலரைத் தாண்டுகிறது. சரி, அது அந்தப் பொருளின் மதிப்பா? மாட்டின் மதிப்பை அறிய வேண்டுமானால் வாங்கிய மறுநாள் அதே சந்தைக்கு ஓட்டிப்போ என்பான் கிராமத்தான். ஓட்டிப்போகிறார்கள், தோழர்களே! இணையத்து ஏலக் கடைகளிலே, ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய ஓய்வுரிமையை ஒரே ஒரு டாலருக்குத் தர முன்வருகிறார்கள்! ஒரு டாலர்! அதற்கும் ஆள் வராமல் காத்திருப்பவர்கள் உண்டு.

ஏன் இந்த வீழ்ச்சி? யானையை வாங்கியவன் தீனி போட முடியாமல் தவிக்கிற கதைதான். ஓய்வுரிமை வாங்கியவர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். தங்கினாலும் கட்ட வேண்டும், தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். வேலை போனாலும் கட்ட வேண்டும், நோயில் படுத்தாலும் கட்ட வேண்டும். ஆண்டுக்காண்டு அது ஏறிக்கொண்டும் போகும். பல நிறுவனங்களின் பத்திரங்களில் முடிவுநாளே கிடையாது. புள்ளி இருக்கிறது, முற்றுப்புள்ளி இல்லை!

டிஸ்னியின் பத்திரத்தில் முடிவுநாள் உண்டு. அதன் பழைய விடுதிகள் பலவற்றில் உரிமை 2042 ஜனவரி 31-ஆம் நாளோடு முடிகிறது. அவற்றில் ஒன்று வீரோ பீச் என்னும் கடற்கரையில் இருக்கிறது. மறுவிற்பனையில் மலிவாகக் கிடைப்பவற்றுள் அதுவும் ஒன்று. மலிவு என்றதும் மனம் துள்ளுகிறதா? சற்றே பொறுங்கள். பராமரிப்புக் கட்டணம் மிகுதியாகக் கேட்கும் விடுதிகளுள்ளும் அது ஒன்று. புள்ளிக்கு 10 டாலரைக் கடந்துவிட்டது. கணக்குக்காகப் புள்ளி விலை 60 டாலர், ஆண்டுக் கட்டணம் புள்ளிக்கு 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 150 புள்ளி வாங்கினால் விலை 9,000 டாலர். கட்டணம் ஆண்டுக்கு 1,800 டாலர். 16 ஆண்டுகளுக்கு, கட்டணம் ஒரு காசும் ஏறாது என்றே எடுத்துக்கொண்டாலும், 28,800 டாலர்! யானை 9,000; தீனி 28,800! எந்த எண்ணை வைத்துப் பேரம் பேசுவது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. ஆண்டு தவறாமல் அங்கே போகிற குடும்பம், கடன் வாங்காமல் கையிருப்பில் கொடுக்கக்கூடிய குடும்பம், கணக்குப் போட்டு வாங்கினால் அதற்கு நியாயம் உண்டு. டிஸ்னியிடம் நேரே புதிய விடுதியில் வாங்கினால் புள்ளிக்கு 200 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். பழைய விடுதிகள் சிலவற்றின் புள்ளி மறுவிற்பனையில் 100 டாலருக்கும் கீழே கிடைக்கிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால் பெரும்புள்ளியின் வாசலில் நிற்பானேன்? முன்னமே வாங்கியவரிடம் கேட்கலாமே!

கேட்பது எப்படி? நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அங்கே அந்தத் துண்டை விலக்கிப் பார்க்க வழி இருக்கிறது. ஃப்ளோரிடாவில் பத்திரப் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. ஆகவே விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மலைக்கவும் வேண்டாம். அண்மையில் அதே விடுதியில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். கேட்ட விலை ஆசை. கைமாறிய விலைதான் உண்மை.

அடுத்து, தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. விலைக்கு வாங்குகிற மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கே பல் எது? இந்த ஆண்டுப் புள்ளி மீதம் இருக்கிறதா, விற்பவர் செலவழித்துவிட்டாரா? அடுத்த ஆண்டுப் புள்ளியையும் முன்கடனாக எடுத்துத் தீர்த்துவிட்டாரா? சென்ற ஆண்டுப் புள்ளி சேமிப்பில் கிடக்கிறதா? எந்த மாதம் புள்ளியாண்டு தொடங்குகிறது? பால் கறந்து முடித்த மாட்டுக்கும் மடி நிறைந்த மாட்டுக்கும் ஒரே விலையா கொடுப்போம்? புள்ளி தீர்ந்த பத்திரமென்றால், "இந்த ஆண்டுக் கட்டணம் உங்களுடையது, விலையும் குறைய வேண்டும்" என்று கேட்பது நியாயம். நிறைந்த பத்திரமென்றால் கூடக் கொடுப்பதும் நியாயமே. பதிவுச் செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும். சிறிய பத்திரமானால் அந்தச் செலவே புள்ளி விலையை ஏற்றிவிடும்.

இவ்வளவையும் எழுத்தில் வைத்து ஒரு விலையைச் சொல்லுங்கள். விற்பவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வேறொரு விலை சொல்லலாம். மறுத்தால் மனம் நோக வேண்டாம். அடுத்த பத்திரம் வரும். அவசரக்காரன் கைக்காசுதான் முதலில் கரையும்.

இருவரும் ஒப்புக்கொண்டால் முடிந்ததா? இல்லை! டிஸ்னியின் ஏற்பாட்டில் துண்டுக்குள் மூன்றாவது கை ஒன்று நுழைகிறது. அந்தக் கை நிறுவனத்தின் கை. ஒப்பந்தத்தை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். 30 நாட்களுக்குள், "இதே விலைக்கு நாமே எடுத்துக்கொள்கிறோம்" என்று அது சொல்லலாம். விற்பவருக்கு நட்டமில்லை, அதே பணம் கிடைக்கும். வாங்க வந்தவருக்கு முன்பணம் திரும்பும்; பேரம் பேசிய உழைப்பு மட்டும் போகும். மிகக் குறைந்த விலைக்கு முடித்தவர், நிறுவனம் அதைக் கொத்திக்கொண்டு போகுமோ என்று ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

பெரும்புள்ளி இன்னொன்றும் செய்தது. 2019 ஜனவரி 19-ஆம் நாள் ஒரு கோடு கிழித்தது. அதற்குப் பிறகு மறுவிற்பனையில் பழைய விடுதிகளின் புள்ளியை வாங்கியவர், அவ்வாண்டு இறுதியில் திறந்த ரிவியரா விடுதியில் அந்தப் புள்ளியைச் செலவிட முடியாது. ரிவியராவின் புள்ளியை மறுவிற்பனையில் வாங்கியவரோ அங்கே தவிர வேறெங்கும் தங்க முடியாது. கடையில் வாங்கினால் ஒரு நீதி, கைமாறி வாங்கினால் ஒரு நீதி! புள்ளியிலும் சாதி பிரித்துவிட்டார்கள்! பிரித்ததன் விளைவை விற்பவர் சுமக்கிறார், விலைக் குறைவாக. வாங்குகிறவர் இதைத் தெரிந்து வாங்கினால் பிழைத்தார். தெரியாமல் வாங்கினால் ஏமாந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரத்தில் எதிரே இருப்பவர் யார்? கொள்ளை இலாபம் அடித்தவரா? இல்லை, தோழர்களே. முழு விலை கொடுத்து வாங்கியவர். ஓய்வு பெற்றவராக இருக்கலாம். துணையை இழந்தவராக இருக்கலாம். கட்டணம் கட்டிக் கட்டிக் களைத்தவராக இருக்கலாம். அவருக்கு வந்த நட்டத்தில் இலாபம் கண்டவர் பளிங்கு மாளிகையில் இருக்கிறார். குறைத்துக் கேளுங்கள், அது வாங்குபவரின் உரிமை. ஆனால் அவருடைய இக்கட்டை முகர்ந்து பார்த்து அடிமாட்டு விலை பேசிவிட்டு, அதை வெற்றி என்று மார்தட்டாதீர்கள்.

அவரைச் சுற்றி ஓநாய்களும் உண்டு. "உங்கள் உரிமையை வாங்க ஆள் தயார்; வரியும் கட்டணமும் மட்டும் முன்னதாக அனுப்புங்கள்" என்று தொலைபேசியில் பேசிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம். மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டன என்று அமெரிக்க அரசு 2024 ஜூலையில் எச்சரித்தது. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலர் அளவுக்கு இழந்ததாக அந்நாட்டுப் புலனாய்வுத் துறையின் கணக்கு சொல்கிறது. ஆகவே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விதி ஒன்றே. முன்பின் தெரியாதவன் கையில் முன்பணம் கொடுக்காதே! உரிமம் பெற்ற தரகர், பத்திரம் முடியும்வரை பணத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் இடைநிலையாளர், இவர்கள் வழியாகவே காசு போகட்டும்.

சிற்றுண்டி தந்து அழைக்கிற மாளிகையானாலும், ஒரு டாலருக்கு அழைக்கிற ஏலக் கடையானாலும், கொடைக்கானல் குளிரைக் காட்டி அழைக்கிற அலுவலகமானாலும், கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? நாளைக்கு நான் விற்கப் போனால் என்ன கிடைக்கும்? இந்தப் பத்திரம் என்றைக்கு முடியும்? மூன்றுக்கும் எழுத்தில் விடை வந்தால் பேரத்தைத் தொடங்குங்கள். வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரும்புள்ளி போடத் தயங்கும் முற்றுப்புள்ளியை நாமே போட்டுவிடலாம்!