வளவுக்கு ஒரு தொலைநோக்கி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் துருவ விண்மீனைத் தேடுகிறவர் தலையை அதிகம் நிமிர்த்த வேண்டியதில்லை. குடாநாடு ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கிறது. ஆகவே அந்த விண்மீனும் வடக்கு அடிவானிலிருந்து பத்துப் பாகை அளவில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அந்த உயரம் மறைந்துவிடும். வடக்கே ஒரு பனங்கூடல் இருந்தால் ஆண்டு முழுவதும் அதைக் காணாமலே காலம் தள்ளலாம். வானத்தை ரசிப்பவருக்கு இதில் நட்டமில்லை. முதல் தொலைநோக்கி வாங்கப் போகிறவருக்குத்தான் இந்தப் பத்துப் பாகை பெரிய கணக்கு.

தொலைநோக்கி வாங்குவதற்கு வழிகாட்டும் புத்தகங்களில் பெரும்பாலானவை லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. லண்டனில் துருவ விண்மீன் ஐம்பது பாகைக்கும் மேலே நிற்கும். பெட்டியில் ‘ஈ.க்யூ.’ என்று போட்டு விற்கப்படும் தாங்கியின் அச்சை அந்த விண்மீனை நோக்கித் திருப்பி வைத்தால், வானம் சுழலும் போக்கிலேயே குழாயும் சுழலும். அங்கே அது அருமையான ஏற்பாடு. இங்கே அச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைக்க வேண்டும். மலிவான தாங்கிகள் பலவற்றில் அவ்வளவு தாழ்த்த முடியாது. தாழ்த்தினாலும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் முட்டும். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பிவைக்கும் கருவி அலுமாரிக்கு மேலே தூங்கிப்போக இது ஒன்றே போதும்.

இரண்டாவது பொறி, பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘525 மடங்கு’. உருப்பெருக்கம் என்பது பெரிய வில்லையின் அல்லது ஆடியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருகிற எண். சின்னப் பார்வைத்துண்டு ஒன்றைச் செருகி அதை எவ்வளவும் ஏற்றிவிடலாம். ஆனால் ஒரு கருவி தாங்கக்கூடிய உருப்பெருக்கம் அதன் விட்டத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பது பொதுவான எல்லை. 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்கு. அதற்கு மேலே போனால் வியாழன் பெரிதாகும், கூடவே மங்கிக் கலங்கிய கஞ்சியாகவும் ஆகும். கடையில் கேட்க வேண்டிய முதற் கேள்வி விட்டம் எவ்வளவு என்பதே. இரண்டாவது, தாங்கி ஆடுமா என்பது.

குடாநாட்டு வானம் தருகிற கொடை ஒன்று உண்டு. சூரியனும் சந்திரனும் கோள்களும் செல்லும் பாதை இங்கே தலைக்கு மேலாகவே போகிறது. 2026ல் வியாழன் உச்சத்துக்கு வரும்போது 78 பாகை உயரத்தில் நிற்கும். சனி அதற்கும் மேலே. நேர் மேலே பார்க்கும்போது இடையிலுள்ள காற்றுப்படை குறைவு என்பதால் பிம்பம் தெளியும். ஐரோப்பாவில் கோள் தாழ்வாக நிற்கும் ஆண்டுகளில் கூரைகளுக்கு மேலே நடுங்கிக்கொண்டிருக்கும் சனிக்கு ஏங்குவோர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவர். 2025 மார்ச்சில் விளிம்புப்பக்கமாகத் திரும்பி மெலிந்துபோன சனியின் வளையம் இப்போது மீண்டும் விரிந்து வருகிறது.

இந்தக் கொடைக்கும் ஒரு விலை உண்டு. முக்காலியில் நிற்கும் நீண்ட முறிவு வகைக் கருவியை, அதாவது வில்லைக் கருவியை, நேர் மேலே திருப்பினால் குழாயின் அடி முக்காலிக் காலில் இடிக்கும். பார்ப்பவர் முழந்தாளில் நிற்க வேண்டிவரும். பார்வைத்துண்டு குழாயின் மேல்நுனிப் பக்கவாட்டில் இருக்கும் தெறிப்பு வகை, அதாவது ஆடிக் கருவி, இந்த வில்லங்கத்தைக் குறைக்கிறது. அதிலும் உள்ளங்கை அகல ஆடியும் குட்டையான பெட்டித் தாங்கியும் கொண்ட ‘மேசை டொப்சோனியன்’ இந்த ஊருக்கென்றே செய்தது போலிருக்கிறது.

அதன் பெயருக்குரிய ஜோன் டொப்சன் ஒரு துறவி. சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944ல் சேர்ந்தவர், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்யத் தொடங்கினார். அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு தாங்கி செய்தார். வழுக்கும் பட்டைகளின் மேல் பெட்டி அமர்ந்திருக்கும். கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். பற்சக்கரமும் இல்லை, மோட்டரும் இல்லை. மடத்துக்கு வெளியே தெருவில் கருவியை உருட்டிக்கொண்டு போய் அயலாருக்கு வானம் காட்டியதில் மடத்துக் கடமைகள் பிந்தின. 1967ல் அவரை வெளியேறச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே நடைபாதை வானியலாளர் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தன் வடிவமைப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் பெரிய விட்டக் கருவிகளில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியின் பிள்ளைகள்.

ஸ்கைவொச்சர் நிறுவனத்தின் ‘ஹெரிற்றேஜ் 130பி’ இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு. ஆடி 130 மி.மீ., குவியத்தூரம் 650 மி.மீ., நிறை ஆறு கிலோ அளவு. நாட்டையும் காலத்தையும் பொறுத்து 200 முதல் 350 டொலர் வரை விற்கும். இருளுக்குப் பழகிய மனிதக் கண்மணியைவிட 300 மடங்குக்கு மேல் ஒளியை இது சேர்க்கும். குழாயின் மேற்பாதியை உள்ளே தள்ளிச் சுருக்கலாம். கூட வரும் 25 மி.மீ. பார்வைத்துண்டு 26 மடங்கு காட்டும். கார்த்திகைக் கூட்டம் முழுதாக அதற்குள் அடங்கும். 10 மி.மீ. துண்டு 65 மடங்கு. சனியின் வளையத்துக்கு அது தாராளம். குறை இல்லாமல் இல்லை. திறந்த மேற்பாதிக்குள் தெருவிளக்கின் ஒளி புகும் என்பதால் கறுப்புத் துணி ஒன்றைச் சுற்றிக்கட்ட வேண்டும். தாங்கி அமுக்கிய மரத்தூள் பலகை. மாசிப்பனியில் நனைந்தால் ஊதும். வாங்கிய கையோடு அதன் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசுவது நல்லது. நேர் மேலே குறிவைத்துப் பெட்டியைத் திருப்புவதும் கொஞ்சம் சிரமம். ஒரு மணி நேரம் பொறுத்தால் வானம் 15 பாகை நகர்ந்துவிடும்.

கையில் காசு குறைவென்றால் அதே பாணியில் 114 மி.மீ. கருவிகள் உண்டு. 76 மி.மீ. மேசைக் கருவி இன்னும் மலிவு. ஆனால் அதில் வழமையாக இருப்பது கோளவடிவ ஆடி என்பதால் சந்திரனுக்கு மேல் அதிகம் எதிர்பார்க்கக்கூடாது. அந்தக் காசுக்கு 10x50 இருவிழிநோக்கி மேல்.

மேசைக் கருவிக்கு மேசை வேண்டும். பிளாஸ்டிக் கதிரை ஆடும். கிணற்றுக்கட்டு ஆடாது, ஆனால் அந்தப் பக்கம் கிணறு. பலமான ஒரு ஸ்ரூலைத் தச்சரிடம் அடித்து வாங்குவதே புத்தி.

சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் குட்டை உருவம் இன்னொரு வகையிலும் உதவும். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை குடாநாட்டில் மழை குறைவு, காற்றோ பலம். உயர்ந்த முக்காலியில் நீண்ட குழாய் ஒரு நொடியும் அசையாமல் நிற்காது. மதிலோரம் தாழ்வாக வைத்த கருவி தப்பிவிடும். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வில்லையில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதே வேலை. காற்றுப்புகாத வாளியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். கடற்கரையில் பார்த்துவிட்டு வந்தபின் ஆடியில் உப்புப் படிந்திருந்தால் துணியால் துடைக்கக்கூடாது, அலுமினியப் பூச்சு கீறிப்போகும்.

கடற்கரைக்கு ஏன் போக வேண்டும்? தெற்குக்காக. ஏப்ரல், மே இரவுகளில் ஒமேகா சென்ரோரி என்ற கோள விண்மீன் கொத்து தெற்கே 33 பாகை உயரத்துக்கு ஏறும். ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் அது அடிவானுக்கு மேலே வருவதேயில்லை. தென்சிலுவை 20 பாகையில் நிற்கும். யாழ் நகர விளக்குகள் இதைக் கெடுத்துவிடும். 1990களில் மின்சாரமே இல்லாத குடாநாட்டு வானம் கன்னங்கரேலென்று இருந்தது. நிமிர்ந்து ரசிக்கும் காலமாக அது இருக்கவில்லை. இன்று இருட்டு வேண்டுமென்றால் மணல்காட்டுக்கோ நெடுந்தீவுக்கோ போகலாம். நெடுந்தீவுக்கென்றால் பண்ணைப் பாலம் கடந்து குறிகட்டுவானில் இறங்கிப் படகு ஏற வேண்டும். தோளில் தொங்கவிட்டு நெரிசலான படகில் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தால், அந்தக் கருவியைக் காவத்தக்கது என்று சொல்லலாம். குலுங்கிய பயணத்துக்குப் பிறகு இரண்டு ஆடிகளையும் நேர்ப்படுத்த ஐந்து நிமிடம் ஆகும்.

வானத்தைக் கணிக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1823ல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் பாடமாக இருந்தது. 1829 மார்ச் 20ஆம் தேதி சந்திர கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் பற்றி அதிபர் டானியல் புவரின் கணக்கும் பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் மோதிக்கொண்டன. பின்னர் அங்கே கற்பித்த ஹென்றி ஹொய்சிங்ரன் தமிழ்ச் சோதிட நூலான உள்ளமுடையானை ஆங்கிலத்தில் பெயர்த்து 1848ல் வெளியிட்டார்.

கிரகணம் என்றதும் ஒரு எச்சரிக்கை. 2010 ஜனவரி 15லும் 2019 டிசம்பர் 26லும் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தைக் கடந்தது. 2031 மே 21 கிரகணத்தின் பாதையும் தென்னிந்தியாவையும் இலங்கையின் வட முனையையும் தொடும். மலிவுக் கருவிகள் சிலவற்றோடு பார்வைத்துண்டில் திருகும் சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடிக்கலாம், வெடித்தால் கண் போகும். அதை எடுத்து எறிந்துவிட்டு, குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டித் தாளைத் தனியாக வாங்க வேண்டும்.