தேர்தலும் இனப்பிரிவும்: மூதூர்த் தொகுதி தரும் பாடம்

தேர்தல் மக்களாட்சியின் உயிர்நிலையாகும். வென்றோர் மகிழ்தல் எங்கும் இயல்பு. தோற்றோரும் முடிபை ஒப்புக்கொள்வதே அத்தேர்தலின் நேர்மைக்குச் சான்றாகும். பல்லினத்தோர் வாழும் நாட்டில், ஓரினம் என்றுமே தோற்கும் வண்ணம் விதி அமையின், அவ்வொப்புதல் நிகழ்தல் அரிது.

ஆபிரிக்காவிலுள்ள கென்யா இதற்கு எடுத்துக்காட்டு. 2007 டிசம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் மவாய் கிபாக்கி வென்றாரென அறிவிக்கப்பட்டபோது, ரெய்லா ஒடிங்காவின் சார்பினர் அதனை ஏற்க மறுத்தனர். கட்சிப் பிணக்கு இனப் பிணக்காய் மூண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். 2010இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பு, சனாதிபதியாவோர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடு, 47 மாவட்டங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் நூற்றுக்கு 25 வீதமேனும் பெறவேண்டுமென விதித்தது. தம்மினத்தாரை மட்டும் நம்பி வெல்லுதல் இதனால் அரிதாயிற்று.

இத்தகைய ஏற்பாடு நம் நாட்டிற்குப் புதியதன்று. வெருகலாற்றை அடுத்துள்ள ஈச்சிலம்பற்றையும் உள்ளடக்கிய மூதூர், 1960 முதல் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக விளங்கிற்று. வாக்காளர் ஒவ்வொருவர்க்கும் இரு வாக்குகள் இருந்தன. இரண்டையும் ஒருவர்க்கே அளித்தலும் கூடும். ஆகவே தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரும் தத்தம் பிரதிநிதியைப் பெற வழி பிறந்தது. 1970இல் அ. தங்கத்துரையும் ஏ. எல். அப்துல் மஜீதும் ஒருங்கே தெரிவாயினர்.

1976ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்படி மூதூர் ஓரங்கத்தவர் தொகுதியாயிற்று. சேருவில புதிய தொகுதியாயிற்று. 1977இல் முன்னதில் முஸ்லிம் ஒருவரும் பின்னதில் சிங்களவர் ஒருவரும் வென்றனர். அப்பகுதித் தமிழர் தமக்கெனப் பிரதிநிதியின்றி நின்றனர். சிங்கள மக்கள் இடம்பெற்றமை முறையே. ஆயின், ஒரு சாரார்க்கு இடமளித்தற்பொருட்டு மற்றொரு சாராரின் இடம் ஒழிந்தமையே குறையாம். மாவட்டம் முழுவதையும் ஒரு தொகுதியாகக் கொள்ளும் விகிதாசார முறை 1989ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நடைமுறைக்கு வந்து, இக்குறையை ஓரளவு நீக்கிற்று.

எனினும், நல்விதி மட்டும் போதாது. அதனைப் பயன்கொள்ளும் சுதந்திரமும் வேண்டும். 2005 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில், விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு 1.21 வீதத்தினரே வாக்களித்தனர். ஈச்சிலம்பற்றும் அக்காலை அவர்தம் கட்டுப்பாட்டில் இருந்தது. நாடு முழுவதிலும் வெற்றி தோல்வியைப் பிரித்தவை 180,786 வாக்குகளே.

சட்டம் இடந்தராவிடினும், அச்சம் வழிமறிப்பினும், பயன் ஒன்றே: குடிமகனின் குரல் கேளாதொழிகின்றது. இவ்விரண்டையும் நீக்கிய தேர்தலே தோற்றோரும் தலைவணங்கும் தேர்தலாகும்.