பில்டருக்குள் என்ன போடுகிறீர்கள்?

சென்ற மாதம் ஒருநாள் அஸருக்குப் பிறகு ஒரு தம்பி கடைக்கு வந்தார். துறைமுகப் பக்கம் ஓர் அறையில் தொட்டிகள் வைத்து, சுழியோடிகளிடம் அலங்கார மீன் வாங்கி, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து லொறியில் கொழும்பு ஏற்றுமதியாளருக்கு அனுப்புகிறவர். "காக்கா, ஒரே ராவில வண்ணாத்தி மீன் பாதி போயிட்டு" என்றார். சுழியோடிக்குக் கொடுத்தது ரொக்கக் காசு. செத்த மீனுக்கு யாரும் பில் போடமாட்டார்கள்.

இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். போய்க் கெனிஸ்டர் பில்டரைத் திறந்து பார்த்தேன். தட்டு நிறையச் சியோலைட் கல். அமோனியாவை உறிஞ்சும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நன்னீர்த் தொட்டிக்கு அது உண்மைதான். கடல்நீரிலோ லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலுள்ள சோடியம் கல்லில் இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும், அமோனியாவுக்கு இடமிராது. நன்னீரில் பாவித்த கல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் முன்பு பிடித்து வைத்ததையும் கக்கிவிடும். கடல்நீரின் பீஎச் 8க்கு மேல் என்பதால் அமோனியாவின் நஞ்சும் அங்கே கடுமை. எந்தத் தண்ணீருக்கு என்று கேட்காமல் விற்றவரை நான் நல்ல வியாபாரி என்று சொல்லமாட்டேன். சரக்கின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல.

மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுவது பக்டீரியா. சம்பளம் கேட்காத வேலையாட்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். நுண்துளை நிறைந்த செரமிக் வளையம்தான் அந்த வீடு. பணத்தை அதில் போடுங்கள். அதற்கு முன்னால் தண்ணீர் முதலில் நுழைகிற தட்டில் தடித்த ஸ்பொஞ்ச், வளையத்துக்குப் பின்னால் மெல்லிய செயற்கைப் பஞ்சு. இலவம் பஞ்சு அழுகிவிடும். ஸ்பொஞ்சையும் பஞ்சையும் வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் அதில் தேங்கிய அழுக்கே நைத்திரேற்றாகும். வளையத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, குளோரீன் வேலையாட்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரில் அலசினால் போதும்.

புது வளையம் குடியேறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தம்பிமார் தவறுவது இங்கேதான். இன்று பில்டர், நாளை மீன் என்று அவசரப்படுகிறார்கள்.

கரியை எப்போதும் போட்டு வைக்க வேண்டியதில்லை. மருந்து போட்ட பிறகு தண்ணீரைத் தெளிவாக்க உதவும், மருந்து போடும்போது எடுத்துவிட வேண்டும். நம் நாட்டுச் சிரட்டையிலிருந்து செய்த ஏற்றுமதித் தரக் காபன் உலகம் முழுக்கப் போகிறது. அதற்காக அடுப்புக் கரியை உடைத்துப் போடாதீர்கள், அது வேறு, இது வேறு.

சிலர் பவளத் துண்டு போடலாமே என்கிறார்கள். பவளப்பாறையை உடைத்தெடுப்பது சட்டவிரோதம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே கிடக்கிற செத்த துண்டையும் தொடக்கூடாது. மேலும் சுண்ணாம்புத் தன்மையுள்ள எதுவும், சிப்பியும்தான், செப்பு மருந்தை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மருந்து போய்ச் சேராது.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கெனிஸ்டர் மூடிய பெட்டி. ஓட்டம் நின்றால் சில மணித்தியாலத்தில் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பக்டீரியா மடியும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே மீனின் மேல் பாயும். நீண்ட மின்வெட்டு என்றால் திறந்து, உள்ளேயிருக்கிற தண்ணீரைக் கொட்டி, வளையத்தை அலசித் தொட்டிக்குள்ளேயே போட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பை வையுங்கள்.

தம்பியிடம் சியோலைட்டை எடுத்துவிட்டு வளையம் போடச் சொன்னேன். இன்னொரு தொட்டியில் ஓடிப் பழகிய வளையம் கொஞ்சம் கலந்து கொடுத்திருக்கிறேன். சுழியோடிகளிடம் இந்தக் கிழமை நாலைந்து மீனுக்கு மேல் எடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார்.