சாப்பாட்டோடு சேரும், எல்லா மாத்திரையோடும் சேராது

இட்ராகோனசோல், பூஞ்சைத் தொற்றுகளுக்குத் தரப்படும் அசோல் வகை மருந்து. பெல்ஜியத்தின் ஜான்சென் நிறுவனம் உருவாக்கிய இந்த மருந்து, 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் போன்று நுரையீரலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் தாக்கும் பூஞ்சை நோய்களுக்கு இன்றும் இது முக்கியமான மருந்து. ஆனால் நம் ஊரில் பெரும்பாலோர் இதைக் கையில் வாங்குவது படர்தாமரைக்காகத்தான்: தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகப் படர்ந்து, சிவந்த விளிம்போடு அரிப்பெடுக்கும் அந்தப் படைக்காக.

பூஞ்சையின் செல் சவ்வுக்கு உறுதி தருவது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள். மனித செல்லில் அந்த வேலையைச் செய்வது கொலஸ்ட்ரால். எர்கோஸ்டெரால் உருவாகத் தேவையான ஒரு நொதியை அசோல்கள் முடக்குகின்றன. சவ்வு ஓட்டையாகிப் பூஞ்சையின் வளர்ச்சி நின்றுபோகிறது. அந்த நொதி சைட்டோகுரோம் பி450 என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து நொதிகள் மனிதரின் கல்லீரலிலும் குடலிலும் இருக்கின்றன. நாம் விழுங்கும் ஏராளமான மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அவைதான். இட்ராகோனசோலால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த உறவிலிருந்து கிளம்புகிறது.

அதற்கு முன்னால், மருந்து உடம்புக்குள் போய்ச் சேருவதே ஒரு பாடு. காப்ஸ்யூலைத் திறந்தால் தூள் இருக்காது. ஜவ்வரிசியைவிடச் சின்ன உருண்டைகள் கொட்டும். சர்க்கரை உருண்டையின் மேல் மருந்தைப் பூசித் தயாரித்தவை அவை. இட்ராகோனசோல் தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. இரைப்பையின் அமிலம்தான் அதைக் கரைக்க வேண்டும். அதனால் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும். காலையில் வெறும் டீயோடு போட்டால் மருந்தில் கணிசமான பங்கு வீண். இதே மருந்து திரவமாகவும் கிடைக்கிறது. அதற்கு விதி நேர் எதிர், வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும். சூபா என்று பெயரிட்டு வரும் புதிய வகைக் காப்ஸ்யூல், குறைந்த மில்லிகிராமிலேயே பழைய காப்ஸ்யூலுக்கு ஈடான அளவை ரத்தத்தில் சேர்க்கும். ஆகவே அட்டையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கடையில் மாற்றித் தருவது தவறு.

எந்த மருந்துச் சீட்டானாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்றவை இரைப்பை அமிலத்தைக் குறைப்பவை. அமிலம் இல்லாமல் கரையாத காப்ஸ்யூலோடு அவற்றைச் சேர்த்துக் கொடுப்பது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வேலை. கேஸ் மாத்திரை கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி வேறு வகைக்கோ வேறு மருந்துக்கோ மாறுவது நல்லது. சாதாரண ஆன்டாசிட் சிரப் என்றால், காப்ஸ்யூல் போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ரத்தத்தில் கலந்த மருந்து அங்கேயே நிற்பதில்லை. கெரட்டின் நிறைந்த தோலிலும் நகத்திலும் போய்ப் படிகிறது. தோலில் அதன் செறிவு ரத்தத்தில் இருப்பதைப் போல 4 மடங்கு வரை ஏறும். 3 மாத நகச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் வரை நகத்தில் மருந்தைக் காணலாம். ஆனால் ரத்தத்தில் அளவு ஏறி நிலைபெறச் சுமார் 15 நாள் பிடிக்கும். நாலு நாளில் அரிப்பு அடங்கியதும் அட்டையைத் தூக்கி வைத்துவிடுகிறவர்களுக்குப் படை திரும்பி வருவதில் ஆச்சரியமில்லை.

இட்ராகோனசோலைச் சிதைப்பது சிஒய்பி3ஏ4 என்ற கல்லீரல் நொதி. இட்ராகோனசோல் அந்த நொதியையே பலமாக முடக்கவும் செய்கிறது. அதன் வழியாக வெளியேற வேண்டிய மற்ற மருந்துகள் அப்போது உடம்பிலேயே தேங்கிவிடும். அறுபது வயதுக்காரர் ஒருவர் கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். படர்தாமரைக்கென்று கடையில் கேட்டு இட்ராகோனசோலை வாங்கிப் போடுகிறார். சிம்வாஸ்டாட்டின் பல மடங்கு ஏறித் தசை நார்கள் சிதையலாம். உடல்வலி, தளர்ச்சி, பழுப்பு நிறச் சிறுநீர் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அவர் போட்டது தினசரி மாத்திரை, அதே அளவு. மாறியது கூட வந்த காப்ஸ்யூல் மட்டும்.

இதே வழியில், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவு வரலாம். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளால் கால் வீக்கம் கூடலாம். அல்பிரசோலம், மிடசோலம் தரும் மயக்கம் நீளும். ஆஸ்துமாவுக்குப் புடெசோனைட் இன்ஹேலர் இழுப்பவருக்கு அந்த ஸ்டீராய்டு உடம்பில் சேர்ந்து முகம் ஊதிப்போகலாம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் டாக்ரோலிமஸ் அளவு ஆபத்தான உயரத்துக்குப் போகும். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபினும் இட்ராகோனசோலை வேகமாகச் சிதைத்துவிடும். அப்போது மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் பூஞ்சை அசையாது.

மற்ற மருந்து எதுவும் இல்லாதபோதும் கவனிக்க வேண்டிய உறுப்புகள் இரண்டு. முதலாவது இதயம். இட்ராகோனசோல் இதயத்தின் சுருங்கும் வலிமையைக் குறைக்கக்கூடியது. 2001இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது பற்றி எச்சரித்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் வெறும் நகப்பூஞ்சைக்காக இதைக் கொடுக்கக் கூடாது. கால் வீங்குவது, படுத்தால் மூச்சு வாங்குவது, சில நாளில் எடை ஏறுவது ஆகியவை அடையாளங்கள். இரண்டாவது கல்லீரல். பசியின்மை, குமட்டல், கண் மஞ்சளாவது, சிறுநீர் கருமஞ்சளாவது என்று தெரிந்தால் மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீளும் சிகிச்சையில் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது முறை. கர்ப்பிணிகளுக்குத் தோல், நகத் தொற்றுக்காக இதைத் தருவதில்லை. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் சிகிச்சையின்போதும் முடிந்த பிறகு 2 மாதமும் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும்.

இத்தனை கெடுபிடியுள்ள மருந்து இவ்வளவு சகஜமாகப் புழங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும். பலவகை ஸ்டீராய்டு களிம்புகளை 2018இல் மத்திய அரசு மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இதற்கிடையே டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020இல் பெயர் சூட்டப்பட்ட பூஞ்சை பரவியிருக்கிறது. முன்பு முதல் தேர்வாக இருந்த டெர்பினஃபினுக்கு அது பல நேரம் கட்டுப்படுவதில்லை. பாரம் முழுவதும் இட்ராகோனசோலின் தலையில் விழுந்துவிட்டது. இதையும் அரைகுறையாகச் சாப்பிட்டு வீணாக்கினால், படர்தாமரைக்குக் கையில் மிஞ்சும் மருந்துகள் சொற்பம்.

கடைசிக் காப்ஸ்யூலை விழுங்கியதோடு எச்சரிக்கை முடிவதில்லை. ரத்தத்திலிருந்து மருந்து முழுதாக விலக 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இரண்டு வாரத்துக்குள் வேறு நோய்க்குப் புது மாத்திரை எழுதும் மருத்துவரிடம், பழைய அட்டையைக் காட்டி இதையும் சொல்லிவிட வேண்டும்.