குறிப்பறிந்து பேணல்: இந்தியக் கிராமங்களிற் சமூகப் பணியாளர் பயிற்சி

திருக்குறளிற் 'குறிப்பறிதல்' என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள. ஒன்று பொருட்பாலில் அரசனைச் சார்ந்தொழுகும் அமைச்சர்க்கு உரியது. மற்றையது காமத்துப்பாலிற் காதலர்க்கு உரியது. வாய் சொல்லாததை முகத்தாலும் கண்ணாலும் உணர்ந்து அதற்கேற்ப ஒழுகுதலே ஈரிடத்தும் பேசப்படும் திறன். அமைச்சனிலும் காதலரிலும் மேலாக இத்திறனை நம்பி வாழ்பவர் ஒருவர் உளர். அவரே பேச்சறியாக் குழந்தை. பசியையும் அச்சத்தையும் விளையாட்டு வேட்கையையும் அழுகையாலும் பார்வையாலும் கையசைவாலுமன்றி வேறெவ்வாற்றானும் அது புலப்படுத்த இயலாது.

இதனை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் மேரி ஐன்ஸ்வேத் என்னும் உளவியல் அறிஞர். அவர் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகண்டா நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் உற்று நோக்கினார். தம் குழந்தையின் இயல்பை நுணுக்கமாக எடுத்துரைக்க வல்ல தாய்மாரின் குழந்தைகள் மனவுறுதியோடு வளர்வதை அவர் கண்டார். பின்னர் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆய்வின் வழியாக அப்பண்பை நான்கு படிகளாக வகுத்தார். குழந்தையின் குறிப்பைக் காணுதல், அதனைப் பிழையின்றிப் பொருள்கொள்ளுதல், காலந்தாழ்த்தாது எதிர்வினை ஆற்றுதல், அவ்வெதிர்வினை ஏற்றதாய் இருத்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் செல்வத்தையோ ஏட்டுக் கல்வியையோ வேண்டுவதன்று. இக்கருத்து முதலில் முளைத்ததும் குடிசைகளிடையே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இத்தகைய பேணலால் விளையும் பயன் சிறிதன்று. யமேக்கா நாட்டிற் கிங்ஸ்ரன் நகரின் வறிய பகுதிகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு சாலி கிரந்தம் மக்கிரெகர் முதலானோர் 1980களில் ஓர் ஆய்வை நிகழ்த்தினர். அவர்களுள் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வாரம் ஒரு மணிநேரம் சென்று, வீட்டிற் கிடைக்கும் பொருள்களாற் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு விளையாடவும் பேசவும் தாயைப் பழக்கினர். இப்பணி ஈராண்டு நடைபெற்றது. இருபது ஆண்டுகளின் பின் நோக்கியபோது, அவ்வாறு பேணப்பட்டோரின் வருவாய் பேணப்படாதோரினும் நூற்றுக்கு 25 பங்கு மிகுந்திருந்தது. இம்முடிவு 2014இல் வெளியாயிற்று.

இந்தியாவில் இப்பணியை மேற்கொள்ளத்தக்க பெரும்படை ஏலவே உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களிற் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்த அங்கன்வாடி நிலையங்கள் இன்று பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டுள. 2005இற் தொடங்கிய தேசிய கிராமிய சுகாதார இயக்கம் ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒருவராக ஆஷா என்னும் பெண் பணியாளரை ஊர்தோறும் அமர்த்தியது. பிறந்த சிசுவை முதல் 42 நாட்களுக்குள் வீட்டிற் சென்று காணும் முறை 2011இல் வகுக்கப்பட்டது. 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் அவ்வாறு சென்று காணும் முறை 2018இற் சேர்க்கப்பட்டது. ஆதலின், கிராமத்துத் தாயின் வாயிலுக்குச் செல்லும் வழி திறந்தேயுள்ளது. அவ்வழியே சென்றவர் அங்கு யாது செய்வார் என்பதே வினா.

எழுத்தறிவு குறைந்த கிராமப் பெண்கள் அரிய தொழில் நுட்பங்களைக் கற்கவல்லர் என்பதில் ஐயமில்லை. மகாராட்டிர மாநிலத்துக் கட்சிரோலியில் மருத்துவர்களான அபய் பாங், இராணி பாங் ஆகியோர் கிராமப் பெண்களைப் பயிற்றிச் சிசுக்களின் நோய்களை வீட்டிலேயே கண்டு மருந்தளிக்கச் செய்தனர். 39 கிராமங்களில் நிகழ்ந்த அப்பணியால், பிறந்த ஆயிரம் சிசுக்களுக்கு 62ஆக இருந்த முதல்மாத இறப்பு மூன்றாண்டுகளில் 26 அளவுக்கு இறங்கியது என 1999இல் அவர்கள் வெளியிட்டனர்.

ஆயினும், எடை நிறுத்தலும் மருந்து கொடுத்தலும் வேறு. குறிப்பறிந்து பேணத் துணைசெய்தல் வேறு. முன்னையதற்கு விதிகள் உண்டு. பின்னையதற்கு விதி கூறின் அது வெறும் உபதேசமாய் முடியும். வயல்வேலை முடித்து, நீர் சுமந்து, அடுப்பு மூட்டும் தாயொருத்தியிடம் பணியாளர் பதிவேட்டுடன் சென்று, "குழந்தையோடு பேசு, விளையாடு" என அடுக்கிச் செல்கின்றார் எனக் கொள்வோம். தாய் தலையசைப்பாள், பதிவேட்டில் ஒரு குறி இடப்படும், குழந்தையின் நாளில் மாற்றம் ஏதும் நிகழாது. அதனினும் தீயது, தான் நல்ல தாயல்லள் என்னும் எண்ணம் அவளுள்ளத்தில் விதைக்கப்படுதல். தன்னம்பிக்கை குன்றிய தாய் குழந்தையின் குறிப்பைக் காணும் ஆற்றலையும் இழப்பாள்.

இதனை உணர்ந்தே உலக சுகாதார தாபனமும் யுனிசெவ் நிறுவனமும் 2012இல் வெளியிட்ட பயிற்சி முறை வேறு வழியை வகுத்தது. அதன்படி பணியாளர் முதலிற் கேட்க வேண்டும், "உன் குழந்தையோடு எவ்வாறு பேசுவாய்? அது எதைக் கண்டு சிரிக்கும்?" என்பன போன்ற வினாக்களே தொடக்கம். அடுத்து, தாய் ஏலவே நன்கு செய்யும் ஒன்றைக் கண்டுபிடித்துப் பாராட்ட வேண்டும். குழந்தையைத் தாம் வாங்கி விளையாட்டுக் காட்டுதல் கூடாது. தாயின் கையிலேயே கிண்ணத்தையோ கரண்டியையோ கொடுத்து அவளை விளையாடச் செய்து, குழந்தை திரும்பிப் பார்க்குங்கால் "உன் குரலைக் கேட்டுத் திரும்பியது பார்" எனச் சுட்ட வேண்டும். குழந்தையின் மலர்ச்சி தன்னால் விளைந்தது எனத் தாய் தன் கண்ணாற் கண்டபின் அவளுக்கு உபதேசம் வேண்டியதில்லை.

இவ்வாற்றலைச் சொற்பொழிவால் ஊட்டல் ஒண்ணாது. பயிற்சிக் காலத்திலேயே பணியாளர் உண்மையான தாயோடும் குழந்தையோடும் பழகி, தம் செயலைப் பிறர் நோக்கித் திருத்தப் பெறல் வேண்டும். பயிற்சியின் பின்னும் மேற்பார்வையாளர் அவரோடு வீடு சென்று, குறை கூறுமுன் நிறை கண்டு சொல்லல் வேண்டும். அதட்டப்பட்ட பணியாளர் தாயை அதட்டுவார். செவிசாய்க்கப் பெற்றவரே செவிசாய்ப்பார். ஆதலின், பணியாளர் தாயிடம் எவ்வாறு ஒழுக வேண்டுமோ அவ்வாறே பயிற்றுநர் பணியாளரிடம் ஒழுகுதல் இப்பயிற்சியின் உயிர்நிலையாகும்.

தாய்மார் ஒருங்குகூடிக் கற்றலும் பயன் தருவதே. சார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடி மக்களிடையே ஏக்ஜுட் என்னும் அமைப்பு மாதந்தோறும் பெண்களைக் கூட்டியது. உள்ளூர்ப் பெண்ணொருத்தி வழிநடத்த, படங்களாலும் கதைகளாலும் அவர்கள் தம் இடர்களைத் தாமே ஆராய்ந்து தீர்வு கண்டனர். மூன்றாண்டுகளில் முதல்மாதச் சிசு இறப்பு, கூட்டங்கள் நிகழாத பகுதிகளினும் 32 விழுக்காடு குறைவாயிற்று என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒடிசாவின் 192 கிராமங்களில் நிகழ்ந்து 2020இல் வெளியான பிறிதோராய்வு யமேக்கா முறையைக் குழுவாகவும் வீடு வீடாகவும் நடத்திப் பார்த்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் இரண்டும் ஏறக்குறைய ஒத்த பயனையே அளித்தன. குழு முறைக்குச் செலவு குறைவு.

எனினும், பயிற்சி ஒன்றே யாவும் ஆகிவிடாது. அங்கன்வாடிப் பணியாளர் மதிப்பூதியமும், ஆஷா பணியாளர் பெரும்பாலும் பணிக்கேற்ற ஊக்கத்தொகையுமே பெறுகின்றனர். பதிவேடு, கணக்கெடுப்பு, உணவுப் பங்கீடு ஆகிய சுமைகளுக்கிடையே ஒரு தாயின் அருகே அரைமணி நேரம் அமர அவருக்கு ஓய்வு வேண்டும். தாய்க்கும் அவ்வாறே. பகலெல்லாம் அவள் வயலில் நிற்கக் குழந்தையைக் காப்பவள் பெரும்பாலும் மாமியாரே. ஆதலின் பாட்டியையும் தந்தையையும் விடுத்துத் தாயொருத்தியிடமே பொறுப்பைச் சுமத்துதல் நீதியன்று. வறுமையின் பழியைத் தாயின் அறியாமைமேல் ஏற்றும் திட்டம் எதுவும் நிலைக்காது.

குறிப்பறிதல் ஒரு சங்கிலி போன்றது. மேற்பார்வையாளர் பணியாளரின் களைப்பை அறிகின்றார். பணியாளர் தாயின் தயக்கத்தை அறிகின்றார். தாய் சேயின் பார்வையை அறிகின்றாள். இவற்றுள் எக்கண்ணி அறுந்தாலும் இழப்பு ஈற்றில் நிற்கும் குழந்தைக்கே. மாணவர் முகம் நோக்கிப் பாடம் நடத்தும் நல்லாசிரியர் எவர்க்கும் இவ்வுண்மை புதிதன்று.